நூலகத்தின் பைண்டிங் மேசைக்கு எந்தப் பசை வாங்கலாம்?

கிளை நூலகத்தில் புத்தகம் பழுதுபார்க்கும் மேசையைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இவைதான் கிடைக்கும்: வெள்ளைப் பசை டப்பா, செல்லோ டேப், ஸ்டேப்ளர், ஒரு குத்தூசி, கொஞ்சம் நூல். பக்கம் கழன்று வந்தால் அந்தப் பசை, அட்டை பிய்ந்தால் அதே பசை, தாள் கிழிந்தால் டேப். பசை மோசம் என்று சொல்ல வரவில்லை. எல்லா வேலைக்கும் ஒரே டப்பாவைத் திறப்பதுதான் கோளாறு. முதுகைக் காப்பாற்றும் பசை, கிழிந்த பக்கத்தில் பட்டால் அந்தப் பக்கத்தையே முடித்துவிடும்.

கடையில் கிடைக்கும் பசைகளையும் டேப்புகளையும் இரவல் கொடுக்கும் நூலகத்தின் கண்ணோடு மட்டுமே இங்கே பார்க்கிறோம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படியைப் பெற்றுக் காக்க வேண்டிய கன்னிமாரா போன்ற நூலகத்துக்கு அளவுகோல் வேறு. கிளை நூலகத்து நாவல் இன்னும் ஐம்பது பேர் கைக்குப் போய்வந்தால் போதும். அதற்குத் தகுந்த சரக்கு வேண்டும்.

முதலில் நோயாளி யார் என்று பார்த்துவிடுவோம். இன்று தமிழில் வரும் சாதா அட்டைப் புத்தகங்களில் பெரும்பாலானவை பெர்ஃபெக்ட் பைண்டிங். பாரம் பாரமாக (அச்சான பெரிய தாளை மடித்த கொத்து ஒன்று ஒரு பாரம்) மடித்து, முதுகு மடிப்பைச் சீவி எடுத்துவிட்டு, சூடான பசையை ஓட்டி அட்டையை ஒட்டியிருப்பார்கள். தையல் கிடையாது. ஒவ்வொரு தாளும் அதன் விளிம்பின் தடிமன் அளவுக்குத்தான் பசையைப் பிடித்திருக்கிறது. அந்தச் சூட்டுப் பசை வயதாக ஆக இறுகி, விரித்து வைக்கும்போது நடுவில் விரிசல் விடுகிறது. ஒரு தாள் போனால் அடுத்த தாளுக்குப் பிடிமானம் குறைந்து கொத்தாக வரும். ஆர்ட் தாளில் அச்சான சமையல், ஓவிய நூல்களில் இது இன்னும் சீக்கிரம்; மேல்பூச்சில் பசை ஊறாது. தாளின் நார் முதுகுக்குக் குறுக்காக ஓடினால் கேட்கவே வேண்டாம், ஈரக்காற்றில் தாள் நெளிந்து பசையை நெம்பிக்கொண்டே இருக்கும்.

இந்த நோய்க்கு வெள்ளைப் பசைதான் மருந்து. ஆனால் எந்த வெள்ளைப் பசை?

ஃபெவிகால் என்ற பெயரைத்தான் கடையில் சொல்கிறோம். அதில் வகைகள் உண்டு. எஸ்.எச். என்று வருவது தச்சு வேலைக்கானது. எம்.ஆர். என்று பிதுக்கும் பாட்டிலில் வருவது தாள், அட்டை வேலைக்கு. தச்சுப் பசையின் வேலை பலகையை அசையாமல் பிடிப்பது. புத்தக முதுகோ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வளைய வேண்டும். எனவே, "ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும் சார்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது முதுகுக்கு உதவாது. எந்த நிறுவனப் பசையானாலும் வாங்கியதும் ஒரு சோதனை செய்யலாம். பாலித்தீன் தாளில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு உரித்தெடுங்கள். மடித்து நகத்தால் அழுத்தும்போது ரப்பர் போல வளைந்து திரும்பினால் முதுகுக்கு ஆகும். சட்டென்று முறிந்தாலோ மடிப்பில் வெண்கோடு விழுந்தாலோ அட்டை ஒட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண வெள்ளைப் பசை சற்று அமிலத்தன்மை கொண்டது. காய்ந்த பிறகு தண்ணீரில் கரைந்து வராது. அமிலமற்றது என்று விற்கும் லைன்கோ போன்ற வெளிநாட்டுப் பசை இணையத்தில் கிடைக்கிறது. நன்றாக வளைகிறது, மஞ்சளிக்கவும் இல்லை. விலைதான் உள்ளூர்ப் பசையைப் போலப் பல மடங்கு. கதைப் புத்தகத்துக்கு அது வேண்டாத செலவு. உள்ளூர் வரலாறு, பழைய மலர்கள், மறுபதிப்பு வராத நூல்கள் அலமாரியில் இருந்தால் சிறிய பாட்டில் ஒன்று வாங்கலாம்.

பசை நல்லதாக இருந்தும் புத்தகம் மறுபடி பிய்ந்து வருவதற்குக் காரணம் பூசும் முறை. கழன்ற கொத்தின் விளிம்பில் தாராளமாகப் பசையைத் தடவி உள்ளே செருகுவார்கள். பழைய பசைத் தோல் அப்படியே இருக்கும். புதுப் பசை அதன்மேல்தான் ஒட்டும், தாளில் அல்ல. அதிகப் பசை பக்கங்களுக்கிடையே இறங்கி அரை சென்டிமீட்டர் உட்புறம் வரை ஒட்டிக்கொள்ளும். படிப்பவர் அதைப் பிரிக்கப் பார்த்துக் கிழிப்பார்.

சரியான வழிக்கு நேரம் ஆகும், ஆனால் ஒரே தடவையில் வேலை முடியும். அட்டையை முழுசாகக் கழற்றுங்கள். முதுகிலுள்ள சூட்டுப் பசையை ஹேர் டிரையரால் இளக்கினால் பட்டையாக உரிந்து வரும். மீதத்தை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, தாள் நார் பஞ்சு பஞ்சாக எழும்பும்வரை கொண்டுவர வேண்டும். தேய்த்த தூளைப் பிரஷால் தட்டிவிடாமல் பசை பூசினால் தூள்தான் ஒட்டும். பிறகு பக்கங்களைத் தட்டி நேராக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்குங்கள். முதுகுப் பக்கம் நாலைந்து சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நீட்டிய பகுதியைச் சீட்டுக் கட்டை விரிப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஒவ்வொரு தாளின் ஓரமும் ஒரு மயிரிழை வெளியே தெரியும். அதன்மேல் மெல்லியதாக ஒரு பூச்சு. எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொரு பூச்சு. இப்போது ஒவ்வொரு தாளும் விளிம்பால் மட்டுமல்ல, இரு முகத்திலும் கால் மில்லிமீட்டர் அளவுக்குப் பசையைப் பிடித்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிமிர்த்தி இறுக்கிய பிறகு முதுகின்மேல் மல் துணி. இரு புறமும் இரண்டரை சென்டிமீட்டர் வழியுமாறு வெட்டி, பசையில் பதித்து, விரலால் நீவுங்கள். துணியின் கண் வழியாகப் பசை மேலே வந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். ஆர்ட் தாள் புத்தகமானால், துணி வைக்கும் முன் முதுகில் குறுக்காக இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ரம்பத்தால் கோடு போட்டு, அதில் பசை தோய்த்த பருத்தி நூலைப் படுக்க வைக்க வேண்டும். பூச்சுத் தாளுக்கு வேறு பிடிமானம் இல்லை. அரை மணி நேரத்தில் கைக்கு ஒட்டாமல் காயும். அதை நம்பி இரவல் கொடுத்துவிடக் கூடாது. முழுப் பலம் வர 24 மணி நேரம், ஐப்பசி கார்த்திகை மழையில் அதற்கும் மேல்.

பசையில் தண்ணீர் கலப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 மில்லிக்கு 10 மில்லிக்கு மேல் போனால் பலம் குறையும், தாளும் நெளியும். டப்பா இறுகிவிட்டது என்று பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி அசைத்து வைப்பது சிக்கனமே இல்லை.

கெட்டி அட்டைப் புத்தகத்துக்கும் இதே பசை ஒரு விஷயத்தில் அருமையாக உதவும். அட்டைக்கும் புத்தகத்துக்கும் நடுவே கீல் தளர்ந்து, உடல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும் அல்லவா? ஸ்வெட்டர் பின்னும் ஊசி, மூன்று மில்லிமீட்டர் கனமுள்ளது, ஒன்றைப் பசையில் உருட்டி எடுத்து, தலைப்பக்கத்திலிருந்து கீலின் இடுக்கில் விட்டுச் சுழற்றியபடி இறக்குங்கள். அடிப்பக்கத்திலிருந்தும் அப்படியே. ஊசியில் சொட்டுகிற அளவுக்குப் பசை இருக்கக் கூடாது. அட்டையை மூடி, வெளிப்பள்ளத்தில் அதே ஊசியைக் கழுவி வைத்து, உள்ளே எண்ட் பேப்பரின் (அட்டையின் உட்புறத்தைப் புத்தகத்தோடு இணைக்கும் தாள்) மடிப்புக்குள் மெழுகுத்தாள் கொடுத்து, செங்கல் பாரத்தில் ஓர் இரவு விட்டால் போதும். பிரித்துக் கட்ட வேண்டிய புத்தகம் பத்து நிமிட வேலையில் அலமாரிக்குத் திரும்பும். மேசையில் இருக்கும் சாமான்களிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பது இந்த ஊசிதான்.

அடுத்தது மைதாப் பசை. இதைப் பழங்காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்குவது தவறு. தாளைத் தாளோடு ஒட்ட, கிழிசல் அடைக்க, அட்டைமேல் காலிகோ என்ற பைண்டிங் துணியைப் போர்த்த இதைவிட நல்லது கிடையாது. மெதுவாகக் காய்வதால் இழுத்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பிடிக்கவில்லையென்றால் ஈரம் வைத்து எடுத்துவிடலாம். வெள்ளைப் பசையில் இந்த இரண்டும் நடக்காது.

ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரைச் சேர்த்து அரை மணி ஊறவிட்டு, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டியானதும் இறக்கிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கெட்டியான பிறகு இன்னும் பதினைந்து நிமிடம் கிண்டினால்தான் வெண்மை போய்ப் பளபளப்பு வரும். வேகாத மாவு காய்ந்ததும் பொடியாக உதிரும். ஆறியதும் சல்லடையில் ஒருமுறை தேய்த்து எடுங்கள். இன்னும் தரமாக வேண்டுமானால் அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கும் முறையிலேயே மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி, பாலைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை மட்டும் காய்ச்சலாம். பசையை இறுகவைத்துப் பூச்சியையும் இழுக்கும் புரதப் பிசுக்கு அலசலிலேயே பிரிந்துவிடும். காய்ந்த பசை மென்மையாகவும் நிறமில்லாமலும் இருக்கும்.

இதன் குறைகள் இரண்டு. ஒன்று, கெட்டுப்போகும். நம் ஊர் வெக்கையில் இரண்டாம் நாளே நீர் விட்டுப் புளிக்கத் தொடங்கும். அப்போது கொட்டிவிட வேண்டும். ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். இரண்டு, இராமபாணப் பூச்சிக்கு இது விருந்து. அதற்காகத்தான் பழைய பைண்டர்கள் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினார்கள். அதை இனி போடாதீர்கள். துத்தம் உடம்புக்கு விஷம் என்பது ஒருபுறம். அதிலுள்ள செம்பு தாளின் நாரையும் அரிக்கிறது. துத்தம் போட்டு ஒட்டிய பழைய எண்ட் பேப்பர்கள் பழுப்பேறி நொறுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பூச்சிக்கு மருந்து, பசையை மெல்லியதாகப் பூசுவதும், முழுக்கக் காயவைப்பதும், அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் காற்றோட்டமாக வைப்பதும்தான்.

காலிகோ அல்லது ரெக்சின் போர்த்தும்போது மைதாப் பசையும் வெள்ளைப் பசையும் சம அளவில் கலந்து பூசினால் வேலை சுலபம். வெள்ளைப் பசை பிடிப்பைத் தரும், மைதா அவசரப்படாமல் இழுத்து மடிக்க நேரம் தரும்.

சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) என்று வெள்ளைப் பொடியாக விற்பதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. 100 மில்லி தண்ணீரில் இரண்டு மூன்று கிராமைத் தூவித் தூவிக் கலக்கி, ஓர் இரவு விட்டால் கண்ணாடி போன்ற கூழ் கிடைக்கும். ஒட்டும் பலம் குறைவு, முதுகுக்கு உதவாது. பழைய பைண்டிங்கைப் பிரிக்கும்போது இதன் அருமை தெரியும். முதுகில் இறுகிப் போன வஜ்ஜிரத்தின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பழைய பசை) மேலும் மைதாவின் மேலும் இந்தக் கூழைக் கெட்டியாக அப்பி, மேலே பாலித்தீன் போட்டு இருபது நிமிடம் விட்டால், தண்ணீர் பாரத்துக்குள் இறங்காமல் பசை மட்டும் ஊறிவிடும். மழுங்கிய கத்தியால் வழித்து எடுத்துவிடலாம். கெடாது, பூச்சியும் அதிகம் சீண்டாது. 100 கிராம் பாக்கெட் ஒன்று வாங்கினால் நெடுநாள் வரும். ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். சோப்புத்தூளுக்குப் போடும் மலிவு ரகத்தில் உப்பு கலந்திருக்கும்.

கிழிந்த பக்கத்துக்கு ஜப்பானிய டிஷ்யூ தாளும் மைதாப் பசையும்தான் எங்கள் தேர்வு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள ஒரு தாள் நூற்றுக்கணக்கான கிழிசலை அடைக்கும். கத்தரியால் வெட்டக் கூடாது. ஸ்கேல் வைத்து, ஈரப் பிரஷால் ஒரு கோடு இழுத்து, கோட்டின் இருபுறமும் பிடித்து மெல்லப் பிரித்தால் ஓரத்தில் பூனை முடி போல நார் நீண்டு நிற்கும். அந்த நார்தான் பக்கத்துத் தாளோடு கோத்துப் பிடிக்கும், மேலே பார்த்தால் ஓரமே தெரியாது. ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டை போதும். கிழிசலின் இரு உதடுகளையும் உற்றுப் பாருங்கள்: ஒன்றில் அச்சு முகமும் இன்னொன்றில் வெறும் நாரும் சரிந்திருக்கும். எது மேலே வர வேண்டும் என்று பார்த்துப் பொருத்தாவிட்டால் எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழும். பசை தடவி, இருபுறமும் பாலியெஸ்டர் துணி, அதன்மேல் ஒற்றுத்தாள், அதன்மேல் பாரம். பத்து நிமிடத்தில் ஒற்றுத்தாளை ஒருமுறை மாற்றுங்கள். ஈர ஒற்றுத்தாளோடு விட்டால் பக்கம் அலையாய்க் காயும்.

அவ்வளவு பொறுமைக்கு ஆள் இல்லாத நூலகத்தில் ஃபில்மோபிளாஸ்ட் பி என்ற மெல்லிய தாள் டேப்பை வாங்கலாம். ஜெர்மனிச் சரக்கு, அமிலமற்றது, எழுத்துக்கு மேலேயே ஒட்டினாலும் படிக்க முடியும். சுருள் விலை கூடுதல். கிழிசல் நீளத்துக்கு மட்டும் வெட்டி ஒட்டினால் கட்டுப்படியாகும்.

செல்லோ டேப்புக்கு மதிப்பெண் கொடுக்க எதுவும் இல்லை. மலிவு டேப்புகளில் இருக்கும் ரப்பர்ப் பசை முதலில் இளகிப் பக்கத்துத் தாளையும் சேர்த்துப் பிடிக்கும். பிறகு காய்ந்து மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். கடைசியில் பிளாஸ்டிக் மட்டும் தானாக உதிர, கறை நிரந்தரமாக நிற்கும். அக்ரிலிக் பசை கொண்ட நல்ல டேப்பில் மஞ்சள் குறைவுதான். ஆனால் டேப் விறைப்பு, தாள் மென்மை. திருப்பும்போதெல்லாம் டேப்பின் ஓரத்திலேயே தாள் மடிந்து, அந்தக் கோட்டிலேயே முறிந்துவிடும். கிழிசலை அடைக்கப் போய்ப் புதிதாக ஒரு கிழிசல். அகலமான ஒளிபுகும் புக் டேப்பை அட்டையின் வெளிப்புற முதுகுக்கும் மூலைகளுக்கும் போடலாம், உள்ளே ஒருபோதும் வேண்டாம். ஏற்கெனவே ஒட்டிய டேப்பை எடுக்க வேண்டுமானால் டிரையரின் குறைந்த சூட்டில் இளக்கி, மெல்லிய தகட்டை நுழைத்து, டேப்பை அதன்மேலேயே மடித்துப் பின்னோக்கி இழுங்கள். மிச்சப் பிசுக்கைக் கிரேப் ரப்பரால் உருட்டி எடுக்கலாம். பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகாதீர்கள், மை கலங்கும், கறை பரவும்.

பள்ளிக்கூட கோந்து பாட்டில் காய்ந்தால் கண்ணாடித் துண்டு போல உடையும். குச்சிப் பசை தேதித் தாள் ஒட்டவும் புத்தகப் பை ஒட்டவும் போதும். இன்ஸ்டன்ட் பசையை மேசையிலேயே வைக்காதீர்கள். ஸ்டேப்ளர் பின் கடற்கரை மாவட்டங்களில் ஒரு மழைக்காலத்துக்குள் துரு விடும்.

வெளி பைண்டரிடம் கொத்தாகக் கொடுப்பது ஒரு சேவை என்ற அளவில் தனியாக மதிப்பிட வேண்டியது. அட்டை, காலிகோ, முதுகில் எழுத்து எல்லாம் உறுதியாக வரும். ஆனால் அங்கே வழக்கம் குத்துத் தையல்: ஓரத்திலிருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் உள்ளே துளையிட்டு மொத்தமாகத் தைப்பது. உள் விளிம்பு ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைவான புத்தகம் அதற்குப் பிறகு முழுதாகத் திறக்காது. படிப்பவர் அழுத்தித் திறப்பார், தையலோரம் தாள் முறியும். முறிந்ததை மறுபடி கட்ட ஓரமே மிச்சமிருக்காது. எனவே ஸ்கேல் வைத்து அளந்து, விளிம்பு உள்ளதை மட்டும் அனுப்புங்கள். "கட்டிங் வேண்டாம், போட்டாலும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்" என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். தையல் போட்ட பழைய புத்தகமாக இருந்தால், "பாரம் பிரிச்சு நாடா வெச்சுத் தைச்சுக் கொடுங்க" என்று கேட்க வேண்டும். கூலி கூடும், ஆனால் அதுதான் முறையான வேலை. அட்டையின் நார் முதுகுக்கு இணையாக ஓடுகிறதா என்று திரும்பி வந்ததும் பாருங்கள். குறுக்காக இருந்தால் ஒரு வாரத்தில் அட்டை படகாக வளையும்.

விரலால் மடித்தாலே முனை உடையும் தாள் கொண்ட பழைய பதிப்புகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பசையே தொடாமல், அகலப் பருத்தி நாடாவால் கட்டி அமிலமற்ற பெட்டியில் படுக்கவைத்து, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போலத் தாள் பாதுகாப்பு வேலை தெரிந்த இடங்களில் ஆலோசனை கேட்பதே நல்லது.

சில்லறைச் செலவுப் பணம் கொஞ்சமே இருக்கிறது என்றால் முதலில் அரை கிலோ வளையும் வெள்ளைப் பசை, இரண்டு மீட்டர் மல் துணி, ஓர் அங்குலத் தட்டைப் பிரஷ் இரண்டு, பின்னல் ஊசி, உப்புத்தாள். மைதாவுக்குப் பக்கத்து மளிகைக் கடை இருக்கிறது. அடுத்த முறை டிஷ்யூ தாளும் சி.எம்.சி.யும். அட்டை, காலிகோ வகைகளைச் சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் தாள் கடைகளில் கேட்டு வாங்கலாம். அட்டையை வாங்கும்போது கடையிலேயே இரு பக்கமும் வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும்போது மடிப்பு விழும் கோட்டுக்கு இணையாகப் பென்சிலில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்; நார் ஓடுவது அந்தத் திசையில்தான். வெட்டின பிறகு சிறு துண்டில் நாரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.